ஒன்பது விரல்களின் வழக்கு

ஷிஹாப் பல்லேகலைச் சிறையில், வழக்கு முடியாத விளக்கமறியல் கைதியாக இருந்த மூன்று வருடங்களிலும், ஒவ்வொரு வியாழக்கிழமையும் பிற்பகல் அஸர் தொழுகை முடிந்த கையோடு, அவனுடைய காலடிகள் மட்டும் கெலிஓயாவுக்கு வந்து, அவனுடைய மூத்த சகோதரி ஸுலைஹாவின் வீட்டுக்குள் பின்கதவு வழியாக நுழைந்து, சமையலறையைக் கடந்து, மில் அறைவரை நடந்து, வந்த வழியே திரும்பிப் போயின. மஞ்சள் நிறக் காலடிகள். இடது பாதத்தில் ஐந்து விரல், வலது பாதத்தில் நாலு. சுண்டுவிரல் இல்லாத அந்த வலது பாதத்தைக் கம்பளை வீதியில் கடை வைத்திருந்த எல்லோருக்கும் தெரியும். பதினாறு வயதில் அவன் அதே மில்லின் சுழலும் பட்டியில் கால் மாட்டிக்கொண்டபோது, விரலைப் பொறுக்கி ஐஸ் பெட்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடியது ஸுலைஹாதான். பெருநாள் என்றோ, மழை என்றோ, ஹர்த்தால் என்றோ காலடிகள் ஒரு வாரமும் தவறியதில்லை. கம்பளை பஸ் கூட அத்தனை ஒழுங்காக வந்ததில்லை என்று பக்கத்து வீட்டார் பிற்பாடு சொன்னார்கள்.

மில் ஸுலைஹாவின் கணவர் மஹ்மூதுடையது. வீட்டின் பின்பாதியை ஒட்டி அவர் கட்டிய அறையில் மிளகாயும் மல்லியும் மஞ்சளும் அரைபட்டன. மச்சானிடம் பதின்மூன்று வருடம் வேலை பார்த்த ஷிஹாப், ஒருநாள் கடுகண்ணாவையில் சொந்தமாக ஒரு மில் போட்டான். பேராதனைப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்காரர்களில் பாதிப்பேர் அவன் பின்னால் போனார்கள். மஹ்மூத் மனசுக்குள் வைத்துக்கொள்ளும் ஆள் அல்ல. ஒரு செவ்வாய்க்கிழமை, சந்தியில் பத்துப்பேர் பார்த்திருக்க, "இனி என்ட வாசல மிதிச்சா மிச்ச விரலையும் ஒடிச்சிப் போடுவன்" என்று கத்தினார். "பாப்போம் மச்சான், யாரு கீழ விழுறன்டு" என்று ஷிஹாப் திருப்பிச் சொன்னான். அந்தப் பத்துப்பேரில் நாலுபேர் பின்னர் சாட்சிக் கூண்டில் ஏறி அதே சொற்களைச் சொன்னார்கள். அந்த வார வியாழக்கிழமை, மின்வெட்டு அமுலில் இருந்த காலம், கரண்ட் இரண்டு மணிக்குப் போய் நாலு மணிக்கு வந்தது. இறந்தவருக்காகக் கத்தம் ஓதிய வீடொன்றுக்குப் போயிருந்த ஸுலைஹா ஐந்தரைக்குத் திரும்பியபோது மஹ்மூத் மில் அறையில் மஞ்சள் தூளுக்குள் விழுந்து கிடந்தார். தலையின் ஒரு பக்கம் உடைந்திருந்தது. பட்டி முறுக்கும் பெரிய இரும்புச் சாவி சாக்குகளுக்குக் கீழே கிடந்தது. பின்கதவிலிருந்து அவர் தலைமாட்டுவரை நாலு விரல் காலடியும் ஐந்து விரல் காலடியும் மாறி மாறிப் போய்த் திரும்பியிருந்தன.

யாரும் எதையும் கண்ணால் காணவில்லை. ஆனால் பொலிஸுக்குக் கண்ட சாட்சி தேவைப்படவுமில்லை. சண்டை இருந்தது, மிரட்டல் இருந்தது, காலடி இருந்தது. த்ரீவீல் ஓட்டும் ருஷ்தி மூன்றேமுக்காலுக்கு ஷிஹாபைச் சந்தியில் கண்டிருந்தான். எல்லாவற்றுக்கும் மேலாக ஷிஹாப் பொய் சொன்னான்: முதல் வாக்குமூலத்தில் அன்று கடுகண்ணாவையை விட்டு நகரவேயில்லை என்றான், ருஷ்தியின் பெயரைச் சொன்னதும், வந்தது உண்மை, பின்கதவில் நின்று கூப்பிட்டேன், பதில் இல்லை, உள்ளே போகாமல் திரும்பிவிட்டேன் என்றான். தங்கள் மூத்த சகோதரியைத் தாத்தா என்று அழைக்கும் குடும்பம் அது. விலங்கு மாட்டும்போது அவன் "தாத்தா" என்று ஒரு தடவை கூப்பிட்டான். ஸுலைஹா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்றே அவள் தரையைக் கழுவினாள். அடுத்த வியாழன் இத்தாவில் இருந்தாள். கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டிய காலம். அஸர் தொழுது ஸலாம் கொடுத்துத் திரும்பியபோது சமையலறைச் சீமெந்தில் ஈர மஞ்சளாய்க் காலடிகள் கிடந்தன. அவள் பயப்படவில்லை. தரைக்கு நாக்கு இருந்தால் இதைத்தான் சொல்லும் என்று எடுத்துக்கொண்டாள். தம்பி செய்ததைத் தம்பியின் காலே வாராவாரம் வந்து ஒப்புக்கொள்கிறது. இதில் மற்றவர்களுக்குச் சொல்ல என்ன இருக்கிறது? பிறகு வந்த வியாழக்கிழமைகளில் அஸருக்குத் தொழுகைப் பாயை விரித்து, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு மணித்தியாலம் கழித்து வாளியோடு வெளியே வந்தாள். இத்தா முடிந்ததும் மில்லை அவளே திறந்தாள். பட்டி முறுக்கவும் அரைகல் கொத்தவும் ஆறு மாதத்தில் பழகினாள். சுவரிலிருந்த கலண்டரில் வியாழன்தோறும் பென்சிலால் ஒரு சின்னக் கோடு போட்டுவந்தாள், நீதிமன்றத்தில் யாராவது கேட்டால் சொல்லலாம் என்று.

கேட்டது சுதர்சினி. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, சட்டம் படித்து, கண்டியில் தொழில் செய்த அவளை, வழக்கறிஞர் வைக்க வசதியில்லாத ஷிஹாபுக்காக நீதிமன்றமே நியமித்திருந்தது. குள்ளமான, குரல் உயர்த்தாத பெண். மேல் நீதிமன்றத்தில் அரச சட்டத்தரணி ஸுலைஹாவிடம் காலடிகள் யாருடையவை என்று கேட்டார். தம்பியுடையவை என்று அல்லாஹ்வின் மேல் சத்தியமாகச் சொன்னாள். அவர் திருப்தியோடு உட்கார்ந்தார். சுதர்சினி எழுந்தாள்.

"அம்மா, புருஷன் செத்துக் கெடக்குறாரு. நீங்க எவ்வளவு பதறிப் போயிருப்பீங்கன்னு எங்களுக்குப் புரியுது. அந்தப் பதட்டத்துல ஒரே ஒரு தடவை பாத்த காலடியில நாலு வெரல்தான்னு எப்படி இவ்வளவு உறுதியா சொல்றீங்க?"

ஸுலைஹாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கண் தெரியாதவள் என்று சொல்கிறாளா? "ஒரு தரமா? ஒவ்வொரு வியாழனும் பாக்குறன். கழுவக் கழுவ வருது. அவன்ட கால்தான் வந்து சொல்லுதே, அவன்தான் செஞ்சன்டு. என்ட கையாலதான் நான் தொடைக்கிறன்."

மொழிபெயர்ப்பாளர் அதைச் சிங்களத்தில் சொல்லி முடித்தபோது தட்டச்சு நின்றுவிட்டது. நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். சுதர்சினி கையிலிருந்த தாளை மேசையில் வைத்துவிட்டு, முன்னிலும் மெதுவாகக் கேட்டாள்.

"இதுவரைக்கும் எத்தன வியாழன்?"

"நூத்தி அம்பத்தி ஒண்டு."

"அந்த நூத்தி அம்பத்தியொரு வியாழக்கிழமையும் உங்க தம்பி எங்க இருந்தாரு?"

ஸுலைஹா வாயைத் திறந்தாள். எதிரிக் கூண்டில், குற்றம் சாட்டப்பட்டவனாய் நின்ற தம்பியை அன்றைக்குத்தான் அவள் முதல் தடவையாக ஏறிட்டுப் பார்த்தாள். தலையில் பாதி நரைத்திருந்தது. "ஜெயில்ல" என்றாள். சொன்ன பிறகுதான், அவனைப் புதைக்கக் கொண்டுவந்த மண்வெட்டியை அவன் கையிலேயே கொடுத்துவிட்டோம் என்று அவளுக்கு விளங்கியது. சுதர்சினி வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்தாள்.

மூன்று வாரம் கழித்து நீதிமன்றமே கெலிஓயாவுக்கு வந்தது. சம்பவ இடத்தை நேரில் பார்க்க நீதிபதிக்கு அதிகாரம் இருந்தது. அவர் வியாழக்கிழமையைத் தேர்ந்தார். ஷிஹாபை வீட்டின் முன்பக்கம், சிறைச்சாலை பஸ்ஸுக்குள், விலங்கோடு இரண்டு காவலர்களுக்கு நடுவில் இருத்தினார்கள். பொலிஸார் தரையைக் கழுவி, பழைய துணியால் துடைத்து, பின்கதவைத் தாழ்போட்டார்கள். அஸர் பாங்கு சொல்லி, தொழுகையும் முடிந்த பின், தாழ்போட்ட கதவின் உட்புறம் முதல் காலடி விழுந்தது. பிறகு அடுத்தது. பச்சை மஞ்சள் வாசம் வந்தது. காலடிகள் நேராக வந்தன. நடுவில் நின்றுகொண்டிருந்த அரச சட்டத்தரணி தன் சப்பாத்தை இழுத்துக்கொண்டு வழிவிட்டார். சுருக்கெழுத்தாளர் நேரத்தைக் குறித்தார். அவை பதிவதை ஸுலைஹாவும் அன்றுதான் முதல் தடவை கண்டாள். மஹ்மூத் விழுந்து கிடந்த இடத்தில் இரண்டு பாதங்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அங்கேயே நின்றன. ஒருவன் பார்த்துக்கொண்டு நிற்கும் அளவு நேரம். பிறகு, எட்டுக்கு எட்டு இடைவெளி அகன்று, குதிகால் பதியாமல், ஓடுகிறவனுடைய காலடிகளாய்க் கதவுக்குப் போய் முடிந்தன. பஸ்ஸுக்குள் ஷிஹாப் தண்ணீர் கேட்டான் என்றும், இடத்தை விட்டு அசையவில்லை என்றும் காவலர்கள் குறிப்பில் எழுதினார்கள்.

கடைசி வாதம் இரண்டு நாள் நடந்தது. ஸுலைஹா மில்லை மூடிவிட்டுப் போய்ப் பின்வரிசையில் இருந்தாள். அரச சட்டத்தரணி கெட்டிக்காரர். இப்போது வருகிற காலடி அதிசயம். அன்று விழுந்தது சாதாரணக் காலடி. அதிசயத்தைக் காட்டிச் சாதாரணத்தைத் தள்ளிவிட முடியாது என்றார். மஹ்மூத் இறந்த அன்று எடுத்த படத்தையும் நீதிமன்றம் நேரில் பார்த்தபோது எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்து, எது அதிசயம், எது சாதாரணம் என்று பிரித்துக் காட்டும்படி நீதிபதி கேட்டார். அரச சட்டத்தரணி வெகுநேரம் பார்த்தார். ரேகைப் பதிவாளரும் பார்த்தார். பிரிக்க முடியவில்லை. சுதர்சினி வேறொரு படத்தை எடுத்தாள்: பொலிஸார் எடுத்ததுதான், மூன்று வருடமாகக் கோப்பில் இருந்ததுதான். மில் மெஷினின் சுவிட்ச் போட்டபடி இருந்தது, பியூஸ் எரிந்திருந்தது. கரண்ட் இல்லாத நேரத்தில் பட்டியை முறுக்கிக்கொண்டிருந்த ஒருவர், சுவிட்சை நிறுத்த மறந்திருந்தால், நாலு மணிக்குக் கரண்ட் வந்ததும் சக்கரம் சுழன்று அந்த இரும்புச் சாவியை எறிந்திருக்காதா? அப்படியும் நடந்திருக்கலாம், முடியாதென்று சொல்ல மாட்டேன் என்று சட்ட வைத்திய அதிகாரி குறுக்கு விசாரணையில் ஏற்கனவே சொல்லியிருந்தார். "காலடி உள்ள போனது உண்மைன்னே வச்சுக்குவோம் கனம் நீதிபதி அவர்களே. ஓடுனதும் உண்மை. அடிச்சவனும் ஓடுவான், செத்துக் கெடக்குறத பாத்துப் பயந்தவனும் ஓடுவான். அந்தக் கால் இந்த ரெண்டுல எந்த ஆளோடதுன்னு தரை சொல்லல."

தீர்ப்பு நாற்பத்தொரு பக்கம். மொழிபெயர்ப்பாளர் வாசித்ததில் ஸுலைஹாவின் மனசில் தங்கியது கொஞ்சம்தான். யாரும் காணாத ஒரு கொலையில், கிடைத்த விடயங்கள் எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு முடிவைத்தான் காட்ட வேண்டும். இன்னொரு முடிவுக்கு நியாயமான இடம் இருந்தால் அந்த இடம் எதிரிக்குச் சொந்தம். சண்டை பிடித்தவன் எல்லாம் கொல்வதில்லை. பயந்தவனும் பொய் சொல்வான். காலடி எப்படி வருகிறது என்பது இந்த நீதிமன்றத்தின் கேள்வி அல்ல. காலடி இருக்கும் இடத்தில் ஆள் இருந்தே தீரவேண்டுமா என்பதுதான் கேள்வி, அதற்குரிய பதிலை நீதிமன்றம் ஒரு வியாழக்கிழமை தன் கண்ணால் கண்டது. சந்தேகம் என்று வாயால் சொன்னால் போதாது, அதற்குக் காரணம் காட்ட வேண்டும். இங்கே காரணம் ஈரமாகத் தரையில் கிடந்தது. எதிரி செய்யவில்லை என்று நீதிமன்றம் சொல்லவில்லை. செய்தார் என்று நிரூபிக்கப்படவில்லை. விடுதலை.

வெளியே படிக்கட்டில் சுதர்சினி கோப்புகளை அணைத்துக்கொண்டு நின்றாள். ஸுலைஹா நேரே அவளிடம் போனாள். "புள்ள, உண்மைய சொல்லுங்க. அவன் செஞ்சானா?"

"எனக்குத் தெரியாதும்மா" என்றாள் சுதர்சினி. "நான் அவர்கிட்ட கேக்கவும் இல்ல. தெரிஞ்சாத்தான் தண்டிக்கலாம்னு சட்டம். தெரியலன்னா இப்படித்தான்."

ஷிஹாப் இரண்டு மாதம் கெலிஓயாப் பக்கம் வரவில்லை. கடுகண்ணாவையில் மில்லைத் திறந்து, மழுங்கிப்போன அரைகல்லைக் கொத்தினான். அந்த இரண்டு மாதமும் காலடிகள் வழமைபோல வந்தன. ஸுலைஹா இப்போது அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவதில்லை. தொழுகையை முடித்து, கதிரையைப் போட்டு உட்கார்ந்து பார்த்தாள். பக்கத்தில் நிற்கும் இரு பாதங்களைக் கொன்றவனுடையவை என்று நினைத்துப் பார்ப்பாள், பொருந்தும். மச்சானைப் பிணமாகக் கண்டு உறைந்துபோனவனுடையவை என்று நினைத்துப் பார்ப்பாள், அதுவும் பொருந்தும். எட்டு வியாழக்கிழமைகள் இரண்டு பக்கமும் நிறுத்துப் பார்த்தும் தராசு சாயவில்லை. ஒன்பதாவது வியாழன் காலையில் அவள் ருஷ்தியின் த்ரீவீலில் ஏறிக் கடுகண்ணாவைக்குப் போய், தம்பியின் மில் வாசலில் இறங்கினாள்.

அவன் மெஷினை நிறுத்தினான். தலை, புருவம், எல்லாம் மிளகாய்த் தூள். "நான் செய்யல்ல தாத்தா" என்றான். "நீங்க நம்புறீங்களா?"

"எனக்குத் தெரியா ஷிஹாப். நீதிபதிக்கும் தெரியா. தெரியான்டு எழுதித்தான் அவரு உன்ன வெளிய விட்டாரு. தெரியான்டுதான் நானும் உனக்குச் சோறு போடப் போறன். மூஞ்ச கழுவிட்டு ஏறு."

அவன் சிறுபிள்ளைபோல் அழுதான். அவள் அழவில்லை; அவன் முகம் கழுவும்வரை தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதன் பிறகு அவன் வியாழக்கிழமைகளில் பகல் சாப்பாட்டுக்கு வருவது வழக்கமாயிற்று. மில் வேலை சுணங்குவதால் சாப்பாடு அஸர் தாண்டிப் போய்விடும். மாட்டிறைச்சி ஆணமும் பருப்பும் வைத்து, சமையலறை மேசையில் அக்காவும் தம்பியும் எதிரெதிரே உட்கார்ந்து, புளிப்புக்குப் போடும் கொறுக்கா என்ன விலை, எந்தக் கடைக்காரன் மஞ்சளில் மாவு கலக்கிறான் என்று பேசிக்கொண்டிருப்பார்கள். பின்கதவருகே முதல் காலடி விழும். ஷிஹாப் பேச்சை நிறுத்தாமல் இரண்டு கால்களையும் கதிரைக்கு மேல் தூக்கி மடித்துக்கொள்வான். காலடிகள் மேசைக்குக் கீழாகப் போகும், மில் அறையில் நிற்கும், ஓடித் திரும்பும். கதவருகே கடைசி அடி விழுந்ததும் அவன் கால்களைக் கீழே விடுவான்; ஸுலைஹா அவனுக்கு இன்னொரு கரண்டி ஆணம் ஊற்றுவாள்.