சிம்புலின் அடங்காத மகள்

மரண தூதன் எங்கள் தெருவுக்குப் பதினொரு முறை வந்து வெறுங்கையோடு திரும்பினான். பதினொரு முறையும் ஒரே வீட்டுக்குத்தான். துருக்கியின் இஸ்மீர் நகரத்தில், கடலைப் பார்த்த மேட்டின் உச்சியில் இருந்தது அந்த வீடு. முதல் முறை அவன் நூற்றைம்பத்தைந்து படியேறி மூச்சு வாங்க வந்தபோது, அந்த வீட்டு ரேய்னாவுக்கு மூன்று வயது. தொண்டை அடைத்துக் கிடந்தாள். எங்கள் யூதக் குடும்பங்களில் எல்லோரும் செய்வதையே அவள் தாயும் செய்தாள். குழந்தையை ஜன்னல் வழியாக அடுத்த வீட்டுக்காரிக்கு ஒரு வெள்ளிக் காசுக்கு விற்றாள். வாங்கியவள் அவளுக்கு மெர்காதா, அதாவது விலைக்கு வந்தவள், என்று பெயர் வைத்தாள். தூதன் காகிதத்தைப் பார்த்து ரேய்னா எங்கே என்றான். அப்படி யாரும் இங்கே இல்லை என்றார்கள். அவன் நேர்மையானவன், பெயர் ஒத்துப்போகாத ஆளைத் தொடமாட்டான். இறங்கிப் போய்விட்டான்.

இரண்டாம் முறை, பிரசவ ஜுரத்தில் அவள் கிடந்தபோது, மேட்டுக்கு மின்தூக்கி வந்துவிட்டது. சிறகு இருந்தும் அவன் அதில்தான் ஏறி வந்தான். அதற்குள் எங்கள் மதகுரு ரப்பி அவளுக்கு விதா என்று பெயர் மாற்றியிருந்தார். விதா என்றால் உயிர். பிறகு ஃபோர்துனா ஆனாள், எஸ்த்ரேயா ஆனாள். தெரு மட்டும் கடைசிவரை விதா நோனா என்றே கூப்பிட்டது. நோனா என்றால் எங்களுக்குப் பாட்டி. ஆறாம் முறையிலிருந்து அவளே அவனை உட்காரவைத்துக் காபியும் சீமை மாதுளை ஜாமும் கொடுத்தாள். அவன் பாதம் தரைக்கு நான்கு விரல் மேலே நிற்கும். தரையை அழுக்காக்காத ஒரே விருந்தாளி என்று அவனைப் புகழ்ந்தாள். சீட்டாட்டத்தில் அவனையும் ஏமாற்றினாள். தெருவில் இருபது கல்யாணங்களைப் பொய் சொல்லியே முடித்துவைத்தவள் அவள். அதில் இரண்டுதான் கெட்டன.

அவளுக்கு எண்பத்தாறு வயதான கோடையில் பேத்தி பெர்லாவுக்கு மூளைக் காய்ச்சல் வந்தது. பெர்லாவுக்கு ஆறு வயது. டாக்டர் பையை மூடிவிட்டு, இந்த வருஷம் வெயில் அதிகம் என்று வேறு பேச்சு பேசினார். விதா நோனா மருமகள் சிம்புலைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

"உன் பொண்ண எனக்கு வித்துடு. மெர்காதான்னு பேர் வச்சுக்கிறேன்."

"சரி அத்தை."

"அப்புறம் என்னை உன் பொண்ணா எடுத்துக்கோ. இனிமே நான்தான் பெர்லா. பால் குடுன்னு கேக்கமாட்டேன், பயப்படாத."

சிம்புல் அழுதபடியே காசை வாங்கிக்கொண்டாள். அன்று மதியம் முழுக்க மாமியார் மருமகளை அம்மா, அம்மா என்று கூப்பிட்டதைப் பார்க்கத் தெருப் பெண்கள் ஜன்னலில் கூடினார்கள். இதற்கு முன் அப்படியொன்று எங்கள் மேட்டில் நடந்ததில்லை.

நான்கு மணிக்குத் தூதன் வந்து, சிம்புலின் மகள் பெர்லா இருக்கிறாளா என்றான்.

"நான்தான்," என்றாள் கிழவி.

"அம்மா, எண்பது வருஷமா உங்களத் தெரியும் எனக்கு."

"எந்தப் பேர்ல தெரியும்?"

தூதன் காகிதத்தைத் தடவினான். "வயசு ஆறுன்னு போட்டிருக்கே."

"உங்க எழுத்துக்காரன் முன்னாடி இருந்த எட்டை முழுங்கிட்டான். பசியோட எழுதினா அப்படித்தான்."

தூதன் சிம்புலைப் பார்த்து, இது யார் என்று கேட்டான். முப்பது வருஷமாக மாமியார் சொன்ன ஒன்றையும் கேட்காத சிம்புல், கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "என் மகதான். அடங்காத பொண்ணு."

தூதன் காகிதத்தை மடித்துக்கொண்டான். அவன் காபியைத் தொடாமல் எழுந்தது அன்றுதான். கிழவி சிம்புலின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, "வரேம்மா" என்று சொல்லிப் போனாள். உள்ளே குழந்தை எழுந்து தண்ணீர் கேட்டது.

தூதனிடம் இருந்தது ஆறு வயதுக்கான காகிதம். உடலைக் குளிப்பாட்டிய பெண்கள், மூன்றரை அடிதான் இருந்தாள், துணி மிஞ்சிவிட்டது என்றார்கள். பதிவேட்டிலும் ஆறு என்றே எழுதினார்கள். கல்லறைத் தோட்டத்தில் குழந்தைகள் வரிசையில் புதைத்தார்கள். ஆறு வயதுக்காரியின் சாவுக்கு அவளுடைய கொள்ளுப்பேரன்கள் நின்று அழுதார்கள்.

செருப்புக்கடை ரஷேல் பத்தொன்பது வருஷமாக வியாழன்தோறும் அந்த வரிசைக்குப் போய், நாலு வயதில் இறந்த மகனுக்காக அழுதுகொண்டிருந்தவள். அன்று புது மண்ணைப் பார்த்து, "இனிமே அவன் காதைத் திருக ஒரு நோனா வந்தாச்சு" என்று சொல்லிவிட்டு, துணி துவைக்க நேரத்தோடு வீட்டுக்குப் போனாள். மற்ற தாய்மாரும் மெல்ல மெல்ல அழுகையைக் குறைத்துக்கொண்டார்கள். எங்கள் வீடுகளில் சனிக்கிழமைக்கென்று வெங்காயத் தோலோடு இரவெல்லாம் வேகவைக்கும் பழுப்பு முட்டைகள் உண்டு. அன்று எங்களில் யாரும் கல்லறைக்குப் போவதில்லை. ஆனாலும் கல்லறைக் காவலாளி ஹுசேன் ஞாயிறு காலைகளில் குழந்தைகள் வரிசையிலிருந்து அந்த முட்டை ஓடுகளைக் கூடை கூடையாகப் பெருக்கி அள்ளுகிறான். மழை நாளில் அவை தரையோடு ஒட்டிக்கொள்கின்றன என்பது மட்டும்தான் அவன் குறை.