கெஞ்சினாலும் தராதே

…'எல்லாமே' என்று சொல்லாமல் இருந்திருக்கலாம், 'பெரும்பாலும்' என்று ஒரு வார்த்தை, அதைப் போட்டிருந்தால் தப்பித்திருக்கலாம், கட்டைவிரலை அசைக்கிற சின்னத் தசைகளுக்குப் பெரும்பாலும் மீடியன் நரம்பு என்றால் யார் என்ன கேட்டுவிடப் போகிறார்கள், ஆனால் இவள் சொன்னது எல்லாமே, அதுவும் சிரித்துக்கொண்டு, உள்ளங்கையைக் கேமராவுக்குக் காட்டி, பேனாவால் கோடு போட்டு, 'எல்லாமே மீடியன்தான், இதை இப்படியே ஞாபகம் வெச்சுக்கோங்க' என்று… கட்டைவிரலை உள்ளங்கையோடு ஒட்ட இழுக்கிற தசைக்கு அல்நார் நரம்பு என்பது முதல் வருடத்துப் பெண்ணைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். மூன்றாம் வருடம் பிசியோதெரபி படிக்கிற, நாளைக் காலை வைவாவுக்கு, அந்த வாய்மொழித் தேர்வுக்கு, இரண்டாவது தடவையாகப் போய் உட்காரப்போகிற இவளுக்குத் தெரியாமல் போயிற்று. தெரியாமலா போயிற்று? தெரியும். கேமராவைப் பார்த்ததும் நாக்கு தானாகப் பேசிவிட்டது. இப்போது அந்த வீடியோ இவளுடைய இணையப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டிருக்கிறது, சிரித்துக்கொண்டு, யார் யாருக்கோ தப்பைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, இவளோ இங்கே விடுதி அறையில் பூட்டிய போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கை எலும்புகளின் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், பார்க்கிறாளே தவிர ஒன்றும் உள்ளே இறங்கவில்லை.

போனைப் பூட்டியது அவர்களாகவே செய்துகொண்ட ஏற்பாடு. இவளும், அறையில் கூட இருக்கிற சட்டம் படிக்கிற பெண்ணும். அவளை எல்லோரும் வக்கீல் என்றுதான் கூப்பிடுவார்கள், அவள் இவளை எலும்பு என்பாள், படிப்பையும் உடம்பையும் ஒரே சொல்லில் முடித்துவிட்டதாக அவளுக்கு ஒரு பெருமை. பேசவும் மணி பார்க்கவும் மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் மூடிவைக்கிற ஒரு செயலி, அதைத் திறக்க ஆறு இலக்க எண். தன் எண்ணைத் தானே வைத்துக்கொண்டால் பூட்டே இல்லை, அதனால் போனை மாற்றிக்கொண்டு, ஒருத்தி சுவரைப் பார்த்தும் இன்னொருத்தி ஜன்னலைப் பார்த்தும் திரும்பி உட்கார்ந்து, அவள் போனுக்கு இவளும் இவள் போனுக்கு அவளும் எண் போட்டார்கள். நாளைக்குத் தேர்வு முடிந்த பிறகுதான் சொல்லவேண்டும். "எங்க வீடே தீப்பிடிச்சு எரியுதுன்னு சொன்னாக்கூடக் குடுக்காதே, கால்ல விழுந்தாலும் குடுக்காதே, புரியுதா?" என்று வக்கீல்தான் சொன்னாள், விரலை ஆட்டி, நீதிபதிக்கு முன்னால் நிற்கிற மாதிரி. இவளுக்கு அப்போது சிரிப்பு வந்தது. வீடியோவை ஏற்றிவிட்டுப் பூட்டினால் நிம்மதியாகப் படிக்கலாம் என்று ஏற்றிவிட்டுத்தான் பூட்டினாள், பிறகு சோறு சாப்பிடும்போது, வாயில் கவளம் இருக்கும்போது, அல்நார் என்று ஒரு சொல் எங்கிருந்தோ வந்து தொண்டையில் நின்றது.

பக்கத்து அறைப் பெண்ணின் போன் வழியாகத் தன் கணக்கில் நுழைந்து அழித்துவிடலாமா என்றும் பார்த்தாயிற்று, அது 'நீதானா' என்று கேட்டு ஒரு குறியீட்டை இவளுடைய போனுக்கே அனுப்பியது, அந்தக் குறியீடு பூட்டுக்குள்ளே, சாவியைப் பெட்டிக்குள் போட்டுப் பெட்டியைப் பூட்டின கதை. சரி, படி. மணிக்கட்டில் எட்டு எலும்பு. படகு மாதிரி ஒன்று, பிறை மாதிரி ஒன்று… யாராவது கமெண்டில் கேட்டிருப்பார்களா, 'அக்கா, இது தப்பில்லையா' என்று மரியாதையாக ஒருத்தி, அதற்குக் கீழே சிரிக்கிற முகங்கள் வரிசையாக, போன தடவை வைவாவில் இவளைத் திருப்பி அனுப்பிய அந்த மேடம் பார்த்திருந்தால்? மேடம் எல்லாம் எங்கே பார்க்கப்போகிறார்கள். பார்க்கமாட்டார்கள் என்று யார் சொன்னது, வகுப்பில் ஒருத்தி போதும் கொண்டுபோய்க் காட்ட, 'மேடம், நம்ம பொண்ணு வகுப்பெடுக்குது பாருங்க' என்று. நாளைக்கு உள்ளே போனதும் மேடம் முதல் கேள்வியே கட்டைவிரலில்தான் ஆரம்பிப்பார், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டுக்கொண்டு. போன தடவை வைவா போனதும் இந்தப் போனால்தான். எப்படிப் படிக்கவேண்டும் என்று வீடியோ போடுகிறவர்களை விடிய விடியப் பார்த்தாள், விடிவதற்கு முன்பே எழுந்து மேசையைத் துடைத்து நாலு வண்ணத்தில் பேனா அடுக்கி விளக்கேற்றி உட்காருகிற பெண்களை, அவர்களைப் பார்த்துப் பார்த்து இவளும் மேசையைத் துடைத்தாள், பேனா அடுக்கினாள், படம் எடுத்தாள், வெளிச்சம் சரியில்லை என்று மேசையையே ஜன்னல் பக்கம் இழுத்தாள், 'இன்று நாள் முழுக்க' என்று எழுதிப் போட்டாள். படத்தில் இருந்த காபிக் கோப்பையில் காபி இல்லை. புத்தகத்தில் திறந்திருந்த பக்கம் எந்தப் பக்கம் என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. அதற்கும் எத்தனை பேர் நெருப்புப் படம் போட்டார்கள், 'உங்களைப் பார்த்துத்தான் நான் படிக்கிறேன்' என்று ஒருத்தி எழுதினாள், முகம் தெரியாத பெண், அவளும் படித்திருக்கமாட்டாள், பாவம், இவளைப் பார்த்திருப்பாள்.

பின்னால் வக்கீலின் கட்டில் கிறீச்சிட்டது. மதியத்திலிருந்து இது எத்தனையாவது தடவையோ. எழுந்து ஜன்னல் வரைக்கும் போகிறாள், வருகிறாள், தண்ணீர் குடிக்கிறாள், பாட்டிலை மூடுகிற சத்தம், மறுபடி திறக்கிற சத்தம். கேட்கப்போகிறாள். இவளுக்குத் தெரியும். முதுகு கூசுகிறது, யாரோ பக்கத்தில் வந்து நின்று பேசாமல் இருக்கிறபோது கூசுமே, அப்படி.

"எலும்பு…"

ம்.

"அக்காவை ஆஸ்பத்திரில சேர்த்துட்டாங்களாம்டி. வலி வந்துடுச்சாம்."

அடுத்த மாசம் என்றுதானே சொன்னாய், என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. கேட்கவும் கேட்டுவிட்டாள். "முன்னாடியே வந்துடுச்சு, நான் என்ன பண்ணட்டும், குழந்தைகிட்ட தேதியைப் பார்த்து வான்னு சொல்ல முடியுமா?" வக்கீல் சிரிக்கப் பார்த்தாள், பாதியில் நின்றுவிட்டது. காலையில் அம்மா ஒரு வார்த்தை கூப்பிட்டுச் சொன்னதோடு சரி, இப்போது அம்மாவும் எடுக்கவில்லை, மாமாவும் எடுக்கவில்லை, எல்லாம் குடும்பக் குரூப்பில் வந்துகொண்டிருக்கும், ஒரே ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டு மூடிவிடுகிறேன், நீயே பக்கத்தில் நின்று பார், என்று ஒரே மூச்சில். காலையிலேயே தெரிந்திருந்தால் காலையில் ஏன் சொல்லவில்லை? சொல்லாமல் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாளே, பல் தேய்க்கும்போது பாட்டுக்கூட முணுமுணுத்தாளே… பயத்தில் சிலர் பாடுவார்கள். இவளே வைவாவுக்கு வரிசையில் நிற்கும்போது பாடியிருக்கிறாள். "திரும்பக் கூப்பிட்டுப் பாரேன்," என்றாள் இவள். "கூப்பிட்டுட்டேதான் இருக்கேன்." கையிலிருந்த போனைத் திருப்பிக் கட்டிலில் கவிழ்த்து வைத்தாள். கூப்பிட்டதைக் காட்டு என்று கேட்கலாம், கேட்டால் காட்டலாம், காட்டினால் உண்மை தெரிந்துவிடும், ஆனால் கேட்ட அந்த நொடியிலேயே நீ பொய் சொல்கிறாய் என்று சொன்னதாகிவிடும், உண்மையாக இருந்துவிட்டால் அதற்குப் பிறகு இந்த அறையில் இரண்டு பேரும் எப்படி ஒரே கண்ணாடியில் தலை வாருவது.

போன மாசமும் இப்படித்தான். நூலகத்திலிருந்து ஒரு செய்தி வரும், அது வந்தால்தான் புத்தகம் தருவார்கள் என்றாள், இவளும் நம்பி எண்ணைச் சொன்னாள். நூலகமும் இல்லை, புத்தகமும் இல்லை, பிரிந்துபோனவன் யாரோடு எங்கே நிற்கிறான் என்று பார்த்துப் பார்த்துச் சாயங்காலம் முழுக்கக் கண் வீங்கிக் கிடந்தாள், பிறகு இவள் மேலேயே பாய்ந்தாள், "ஏன்டி குடுத்தே? நான் கேட்டா குடுத்துடுவியா? நீயெல்லாம் ஒரு பிரெண்டா?" கொடுத்தாலும் திட்டு, கொடுக்காவிட்டாலும் திட்டு. இப்போது அக்கா என்கிறாள். அக்காவை வைத்துப் பொய் சொல்வாளா? பிரசவத்தை வைத்து? யாராவது சொல்வார்களா… பூட்டைத் திறக்க வேண்டும் என்றால் சொல்வார்கள், போன வருடம் இவளே அம்மாவுக்குக் காய்ச்சல் என்று சொல்லித்தானே ஒரு பூட்டைத் திறக்க வைத்தாள், வேறொரு பெண்ணிடம், அம்மாவுக்கு ஒன்றுமே இல்லை, அன்றைக்கு அம்மா மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். குழந்தை பிறந்தால் கூப்பிட்டுச் சொல்வார்கள். கூப்பிடாமல் குரூப்பில் மட்டும் போடுகிற வீடு உண்டா? உண்டே. இவள் வீட்டில் பெரியப்பா செத்த சேதியே குரூப்பில்தான் வந்தது, ஒரு காலை வணக்கப் படத்துக்கும் இன்னொரு காலை வணக்கப் படத்துக்கும் நடுவில்.

"தீப்பிடிச்சாலும் குடுக்காதேன்னு நீதான் சொன்னே," என்றாள் இவள், புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே. "அது அப்போ. இங்க பாரு, ஒப்பந்தம்னு ஒண்ணு இருந்தா, ரெண்டு பேரும் மனசு ஒத்துச்சுன்னா ரத்து பண்ணிக்கலாம். அது சட்டம்." "என் மனசு ஒத்துக்கலையே." "ஒத்துக்கும்." வக்கீல் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு இவள் எதிரே உட்கார்ந்தாள், முழங்கால் முழங்காலில் இடித்தது. குரலைத் தாழ்த்தினாள், அறையில் வேறு யாரும் இல்லாதபோதும். "உனக்கு ஒரு வீடியோ அழிக்கணும்தானே? சாப்பிடறப்போ மூஞ்சி போன போக்கைப் பார்த்தேன். பக்கத்து ரூம்ல போய்க் கெஞ்சினதும் தெரியும். உன் நம்பரை நான் முதல்ல சொல்றேன். நீ அழிச்சுக்கோ. அப்புறம் நீ சொல்லு. ரெண்டு நிமிஷம். யாருக்கு நஷ்டம்?"

யாருக்கும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. இரண்டு நிமிஷத்தில் அழித்துவிடலாம், அந்தச் சிரிப்பை, அந்தக் கோட்டை, அந்த 'எல்லாமே'யை. மேடம் பார்க்காமலே போய்விடலாம். யாரோ ஒரு முதல் வருடத்துப் பெண் தப்பாக எழுதாமல் தப்பிப்பாள், அது நல்ல காரியம்தானே, ஒரு கடமை மாதிரிக்கூட… இரண்டு நிமிஷம் என்று போன தடவையும்தான் இவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள், அந்த இரண்டு நிமிஷம்தான் விடியற்காலையில் போய் முடிந்தது. அழிப்பதற்கு முன்னால் கமெண்டைப் பார்ப்பாள். கட்டாயம் பார்ப்பாள். யார் கேலி செய்தது, யார் பரிந்து பேசினது, பரிந்து பேசினவளின் பக்கம் எப்படி இருக்கிறது, அவள் மேசை எப்படி இருக்கிறது… "நாலு," என்றாள் வக்கீல், மெதுவாக, கண்ணைப் பார்த்துக்கொண்டே. "ஒன்பது…"

"சொல்லாதே."

"ஏன்டி? ரெண்டு வந்தாச்சு, இன்னும் நாலுதான்."

நாலு, ஒன்பது. காதில் விழுந்ததை வெளியே எடுக்க முடியாது. இவள் மனம் அதற்குள் உள்ளே போய்விட்டது, போனைத் திறந்தாயிற்று, கட்டம் கட்டமாகத் தன் பக்கம், கடைசியாக அந்தப் படம், உள்ளங்கை, அதன் கீழே சின்ன எழுத்தில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று… அங்கே மனம் நின்றது. இத்தனை நேரமும் அந்த இடத்தில் நூறு நூறாகக் கண்களை வைத்திருந்தாள், சிரிக்கிற கண்கள், மேடத்தின் கண்ணாடி, வகுப்பில் யாரோ ஒருத்தி போனை நீட்டுகிறாள். இப்போதுதான் இன்னொன்று தோன்றியது, எவ்வளவு எளிதாகத் தோன்றியது: யாருமே பார்க்காமல் இருந்தால்? ஒரு கமெண்டும் இல்லாமல், தப்பு என்று சொல்லக்கூட ஒருத்தி வராமல், ஏற்றினபடியே அது அங்கே கிடந்தால்? மதியத்திலிருந்து இவளை மென்று தின்றுகொண்டிருந்த அத்தனை பேரும் இந்த மேசையிலேயே, இந்த நாற்காலியிலேயே பிறந்தவர்களாக இருந்தால்… கேலி செய்திருந்தால் அழித்துவிடலாம். யாருமே பார்க்கவில்லை என்பதை என்ன செய்வது?

வக்கீல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கீழுதடு லேசாக நடுங்கிற்று, அக்காவுக்காகவா, அவனுக்காகவா, முகத்தில் எழுதியிருக்கவில்லை. "சொல்லுடி. உன்னைத்தான் கேட்கறேன். அவளுக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

ஆகிவிட்டால்? இவளுக்குத் தெரியாது. உன் நல்லதுக்குத்தான் தரவில்லை என்று சொல்லலாம், வக்கீலே நாளைக்கு அதை நம்புவாள், நன்றிகூடச் சொல்வாள். ஆனால் அது உண்மையில்லை, அவளுடைய நல்லது இந்த நொடியில் இவள் மனதில் எங்குமே இல்லை, அவள் போனைத் திறந்தால் தன் போனும் திறந்துவிடும் என்ற பயத்தைத் தவிர வேறெதுவும் இல்லை.

"கூப்பிடுவாங்க," என்றாள் கடைசியில். "நான் உன் பக்கத்துலயே உட்கார்ந்திருக்கேன். கூப்பிடற வரைக்கும்."

"நம்பர்?"

இவள் தலையை மட்டும் அசைத்தாள், மாட்டேன் என்று, அத்தனை மெல்ல அசைத்ததில் வக்கீலுக்கு அது தெரிந்ததோ இல்லையோ.