மீனாம்பிகை மைக் பிடித்த அந்தியேட்டி

சண்டிலிப்பாயில் செத்துப்போனவர்களில் கெட்டவர் என்று ஒருவரும் இல்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கில், செத்தவரைப் புகழ்ந்து பாட்டாய் வாசிக்கிற கல்வெட்டுப் புத்தகங்களே சாட்சி.

தொண்ணூற்றிரண்டில் தமையன் பரமலிங்கம் போனபோது பஞ்சலிங்கமும் குறை வைக்கவில்லை. யுத்தத்தில் கடதாசி கிடைக்காத காலத்தில், கோடு போட்ட கொப்பித்தாளில் இருபத்தெட்டுப் பாட்டு அச்சடிப்பித்தார். காரணம் முன்பாயில் இருந்தது. சுன்னாகத்து வெங்காய வியாபாரி நமசிவாயமும் மனைவி சிவக்கொழுந்தும், பஞ்சலிங்கத்தின் மகள் குணலட்சுமியைத் தங்கள் மகனுக்கு எடுக்கலாமோ என்று குடும்பத்தின் சீர் பார்க்க வந்திருந்தார்கள்.

கரண்ட் இல்லை. ஸ்பீக்கர்காரன் கிறகோரி ஸ்ராண்டில் நிறுத்திய சைக்கிளை மிதிக்க, டைனமோவில் மைக் ஓடியது. பரமலிங்கம் பொறுமையில் பூமாதேவி, ஈகையில் கர்ணன், மனைவி சொல் தட்டாதவர் என்று புலவர் பாடி முடித்தார்.

விதவை மீனாம்பிகை எழும்பி வந்து மைக்கை வாங்கினாள். அந்தியேட்டியில் பெண்கள் அழலாம். மைக்கில் கதைக்கிற வழக்கமில்லை.

"புலவர், நீங்கள் பாடினவர் நல்ல மனுசனாக் கிடக்கு. முப்பது வருசத்துக்கு முன்னம் ஏன் ஒருத்தரும் எனக்கு உவரைக் கலியாணம் பேசேல்லை?"

புலவர் புத்தகத்தை மூடினார்.

"என்ரை மனுசன் குண்டு போடப் பொம்பர் வந்தால் முதல் ஆளாய்ப் பங்கர்க் குழிக்குள்ளை. நான் சோத்துப்பானையோடை பின்னாலை ஓடிவர, சோத்துக்குச் சொதி எங்கை எண்டு கேட்டவர்."

கிறகோரி சிரித்ததில் கால் நின்றது, மைக்கும் நின்றது. மீனாம்பிகை வெறும் குரலில் தொடர்ந்தாள். அன்றைக்குச் சண்டிலிப்பாய் சிரித்த சிரிப்பில், வந்த ஆமி ஹெலியொன்று ஏதோ புது ஆயுதம் என்று பயந்து பலாலி முகாமுக்கே திரும்பியது.

கடைசியில் அவள் சொன்னாள்: "முப்பத்தொரு நாளாய் நான் அழுதது சொதி கேட்ட மனுசனுக்கு. புலவரின்ரை மனுசனுக்கு ஒரு சொட்டும் வராது."

சம்பந்தம் போய்விட்டது என்று பஞ்சலிங்கம் தூணைப் பிடித்தார். சிவக்கொழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரிடம் வந்தாள்.

"நாள் வையுங்கோ அண்ணை. ஆனால் கலியாணத்தண்டு உங்கடை மச்சாள் மணவறைக்கு முன்னாலை நிண்டு கதைக்கவேணும்."

தாலி கட்டுகிற இடத்தில் விதவையா என்று பஞ்சலிங்கம் கேட்க வாயெடுத்தார். மகளின் முகத்தைப் பார்த்தார். ஓம் என்றார்.

கலியாணத்தன்று கிறகோரியை நம்பாமல், சிரிக்கத் தெரியாத பஞ்சலிங்கமே பட்டுவேட்டியை மடித்துக் கட்டிச் சைக்கிள் மிதித்தார். மைக் மூன்று தரம் நின்றது.