நூறாவது கார்டு

ஐந்தாவது அந்நியரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தபோது, மூத்தவள் தம்பியின் சட்டையைப் பிடித்து அடுக்களைக்குள் இழுத்தாள்.

"யாருடா இவங்கல்லாம்?"

"அப்பாவுக்குத் தெரிஞ்சவங்களா இருக்கும்க்கா."

"அப்பாவுக்கு யாரைடா தெரியும்? நம்ம ரெண்டு பேரு, பேப்பர் போடறவரு. அவ்வளவுதான்!"

மூத்தவளுக்கு மருந்துக் கடையில் வேலை. டாக்டர் சீட்டையே போலியாக இருக்குமோ என்று முன்னும் பின்னும் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்து, முகர்ந்துகூடப் பார்த்துவிட்டுத்தான் இருமல் மருந்தைக் கொடுப்பாள். அதற்குள் பாதிப் பேருக்கு இருமலே நின்றுவிடும். அப்படிப்பட்டவள் வீட்டில்தான், மின்சார மீட்டர் கணக்கெடுத்து ஓய்வுபெற்ற அப்பா, இரண்டு வருடமாக மாதத்தில் ஒரு சனிக்கிழமை, "சும்மா நடந்துட்டு வரேம்மா" என்று இஸ்திரி போட்ட சட்டையில் கிளம்பிக்கொண்டிருந்தார். நடக்கப்போகிறவருக்கு எதற்கு இஸ்திரி? கேட்டுவிடவேண்டும் என்றிருந்தாள். நேற்றுக் காலை அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார்.

இப்போது கூடத்தில், அவர் தலைமாட்டில், பச்சைக் குடையோடு ஓர் அம்மாள் உட்கார்ந்து, பெற்ற மகளைவிட இரண்டு குடம் கூடுதலாகக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்க சங்கச் செயலாளர் போயிட்டாரே!"

செயலாளரா? சாப்பாட்டில் உப்பு குறைந்தால்கூட வாயைத் திறக்காத மனிதர்!

பச்சைக் குடை எழுந்து வந்து அவள் காதருகே குனிந்தாள். "கேக்கற நேரம் இல்லதான் கண்ணு. அவரோட கிஃப்ட் கார்டு எங்க இருக்குன்னு தெரியுமா?"

வந்துவிட்டாயா வழிக்கு, என்று நினைத்துக்கொண்டாள் மூத்தவள்.

அந்த ஏழு மாடிக் கடையின் கார்டு. நாலு வருடத்துக்கு முன், முதல் போனஸில் அப்பாவுக்கு ஷூ வாங்கிக்கொள்ள அவள் கொடுத்தது. "அடுத்த மாசம் வாங்கிக்கறேம்மா" என்று அவர் தள்ளிக்கொண்டே போக, கடை திவாலாகி ஷட்டரை இறக்கிவிட்டது. தெரிந்தால் மனசு உடைந்துபோவார் என்று, செய்தி வந்த பக்கத்தைப் பேப்பரிலிருந்து உருவிக் குப்பையில் போட்டவள் இவள்தான்.

"மூடின கடையோட கார்டு உங்களுக்கு எதுக்கு?"

"இன்னிக்கு மூணு மணிக்கு, அந்தக் கடை பாக்கி வச்சவங்களோட கூட்டம். கடையை வித்த பணத்துல பேங்குக்குத்தான் மொதல் பங்கு. கார்டு வச்சிருக்கறவங்க வரிசையில கடைசி. நூறு பேர் கார்டோட நேர்ல வந்தாத்தான் எங்களையும் பங்கு கேக்கற ஒரு தரப்பா சேத்துப்பாங்களாம். எங்க சங்கத்துக்கு வீடு வீடா ஏறி ஆள் சேத்தது உங்க அப்பாதான்."

"அப்பாவா? வீடு வீடாவா?"

"மீட்டர் பாத்தவருக்கு எந்தக் கதவு தெரியாது? அவரோட சேத்துச் சரியா நூறு. இப்ப தொண்ணூத்தொம்பது. குடும்பத்துல யாராவது கொண்டுவந்தா செல்லுமாம். நீங்க குடுத்தீங்கன்னா..."

"குடுத்துட்டா நீங்க எங்க குடும்பமாயிடுவீங்களா?"

மூத்தவள் விடுவதாயில்லை.

"அந்தக் கார்டை யார் குடுத்ததுன்னு அப்பா சொன்னாரா?"

"பொண்ணு. மொத போனஸ்ல. ‘கடை மூடினது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிட்டிருக்கா, பேப்பரைக்கூட ஒளிக்கறா. வீட்டுப் பக்கம் வந்து காட்டிக் குடுத்துடாதீங்க’ன்னு ஒவ்வொரு கூட்டத்துலயும் சொல்லுவாரு. அதான் இத்தனை நாளா நாங்க யாரும் வரல."

அடுக்களைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. மூத்தவள் அதை இறுக்கி மூடினாள். மூடிய பிறகும் கையை எடுக்கவில்லை.

"கடை தெறந்திருந்தப்பவே வாங்கியிருக்கலாமே?"

"நானும் கேட்டேன். ‘கார்டைக் குடுத்தா திருப்பித் தரமாட்டாங்களாமே’ன்னாரு."

அலமாரியில் இஸ்திரி போட்ட சட்டை தொங்கியது. பையில் கார்டு. அதையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"டேய், வண்டி அஞ்சு மணிக்குத்தானே? அப்பாவை விட்டு நகராத."

"நீ எங்கக்கா போற?"

"சொன்னா நம்பமாட்ட."

கூட்டம் நடந்த மாடியில், வாசலிலேயே மேசை போட்டு உட்கார்ந்திருந்த குமாஸ்தா சந்தேகத்தில் இவளுக்கு அண்ணன் மாதிரி இருந்தான். கார்டைத் திருப்பினான், நகத்தால் சுரண்டினான், இவள் அடையாள அட்டையையும் முகத்தையும் ஏழெட்டு தடவை ஒத்துப்பார்த்தான்.

"கார்டுக்காரர் வரலையா?"

"வரமுடியாத இடத்துல இருக்காரு. நான் அவர் பொண்ணு."

கடிகாரம் மூன்றுக்கு நாலு நிமிடம் காட்டியது. பல்லைப் பிடுங்கக் கொடுத்தவன்போல "நூறு" என்று எழுதிக்கொண்டு, கார்டை அவளிடமே திருப்பித் தள்ளினான்.

உட்கார இடம் தேடி அவள் உள்ளே இரண்டடி வைத்தாள். நாற்காலிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிறீச்சிட, கூடம் முழுக்க எழுந்து நின்றது.

யார் வருகிறார்கள் என்று மூத்தவள் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாருமில்லை.