ரோனால்டின் கிதார் வந்து சேரும் நாட்கள்

பாடாங் மேஹா பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, மலாய் நாட்டின் வட மாநிலங்கள் முழுக்கப் பேர் வாங்கிய ரொக் கிதார்க்காரன் ரோனால்ட் வாசித்தது எதுவும் வாசித்த அன்றைக்குக் கேட்டதில்லை. முதல் வருடம் மூன்றாம் நாள் கேட்டது. பிறகு ஒரு வாரம், ஒரு மாதம், ஒரு வருடம் என்று நீண்டு, கடைசியில் எட்டு வருடத்தில் போய் நின்றது. தப்பு அவனுடையதுதான், அதில் மூடி மறைக்க ஒன்றுமில்லை. ஈஸ்டருக்கு முந்திய பெரிய வியாழன் பூசையில் வானவர் கீதம் முடிந்ததும் கோயில் மணியைக் கட்டிவிடுவார்கள். சனி இரவு பாஸ்கா பூசையில் அதே கீதம் மறுபடி எழும்வரை அந்தத் தோட்டத்தில் ஒரு கத்தோலிக்க வீட்டிலும் ஆர்மோனியப் பெட்டிகூடத் திறக்காது. மணிக்குப் பதிலாக மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். 1996ஆம் வருடம் பெரிய வெள்ளி மத்தியானம், பினாங்கில் சொல்லிவைத்திருந்த மின்கிதார் காய்கறி லோரியில் வந்து இறங்கியது. இருபத்திரண்டு வயசு. இன்னும் ஒன்றரை நாள் பொறுத்திருக்கலாம், பொறுக்கவில்லை. தோட்டமே சிலுவைப் பாதைக்குப் போயிருந்த நேரத்தில் வயரைச் சொருகி மூன்று மணி நேரம் வாசித்தான். சத்தமே இல்லை. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று திட்டிவிட்டுப் படுத்தான். ஞாயிற்றுக்கிழமை எல்லார் வீட்டிலும் கோழி வெந்துகொண்டிருக்கும்போது, ஆளில்லாத முன்னறையிலிருந்து மூன்று மணி நேர வாசிப்பும் ஒன்றுவிடாமல் கேட்டது. உபதேசியாராக இருந்த அப்பா இஞ்ஞாசிமுத்து கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "பெரிய வெள்ளியில கை வச்சியாடா?" என்று மட்டும் கேட்டார். சாமியார் பாவசங்கீர்த்தனம் கேட்டு பரிகாரமாக ஒரு மாத செபமாலை கொடுத்தார். ரோனால்ட் சொல்லி முடித்தான். கிதார் திருந்தவில்லை.

இதனால் அவன் பிழைப்பு கெட்டதா என்றால், இல்லை. ஜித்ரா மண்டபத்தில் அவன் குழு முதன்முதலாக மேடையேறியபோது பாட்டும் டிரம்மும் கேட்க, நடுவில் அவன் மட்டும் ஊமைபோல விரலை ஓட்டிக்கொண்டிருந்தான். கூட்டம் கூச்சல் போட்டது. மூன்றாம் நாள் அதே மண்டபத்தில் நடந்த ஒரு மலாய்க் கல்யாண விருந்தில் நாற்பது நிமிடக் கிதார் வந்து இறங்க, மாப்பிள்ளை வீட்டார் கையைக் கழுவாமல் நின்று கேட்டார்கள். அதோடு பேர் பரவியது. ரோனால்டைப் பார்க்க ஒரு நாள், கேட்க ஒரு நாள் என்று பஸ் பிடித்து வந்தார்கள். ஒலிப்பதிவுக் கூடத்தில் வெறும் நாற்காலிக்கு முன்னால் மைக்கை வைத்துக் காத்திருந்து ஆறு கேசட் வெளியிட்டார்கள். தாமதம் வருடங்களாக நீண்ட பிறகுதான் குழு கலைந்தது. யாரைச் சொல்லிக் குற்றம், ஒரு பாட்டுக்காக எவன் நாலு வருடம் மண்டபத்தைப் பிடித்து வைத்திருப்பான்? ரோனால்ட் பள்ளி வேன் ஓட்டினான். வேலை முடிந்து தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீட்டின் முன்னறையில் தினமும் வாசித்தான். அவன் மனைவி ஆக்னஸ், அவன் எப்போதோ வாசித்ததைக் கேட்டுக்கொண்டு இன்றைய மீனைக் கழுவினாள். வாசித்த இடத்திலேயே, வாசித்த வரிசையிலேயே, அதே மணிக்கு அது வந்தது.

2016 ஜனவரியில் பழைய கூட்டாளிகள் மறுபடி சேர்ந்தார்கள். அதற்குள் சிறுநீரகம் கெட்டு டயலிசிஸில் இருந்த ரோனால்ட், ஒத்திகைக்காக இரண்டு முறை அதற்குப் போகாமல் ஜித்ராவுக்குப் போனான். ஆக்னஸுக்குத் தெரிந்ததும் வீடு இரண்டாகிவிட்டது. "ஒங்க கிதார் எட்டு வருசம் கழிச்சு வரும், அப்ப நீங்க இருக்க வேணாமா?" என்று கேட்டவள், அதற்குப் பிறகு பத்தொன்பது நாள் அவனிடம் பேசவில்லை. அவளுடைய கோபம் அப்படி, சோறு போடும், முகம் காட்டாது. இருபதாம் நாள் ஞாயிறு, நாலு மணிக்கு, அவன் முன்னறையில் அடுப்படிக்கு நேராக நாற்காலியைப் போட்டுக் கிதாரோடு உட்கார்ந்தான். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் உரித்தாள். நாற்பது நிமிடம். என்ன வாசித்தான் என்று அவள் பார்க்கவுமில்லை, கேட்கவுமில்லை. வியாழக்கிழமை அவன் இறந்துபோனான்.

தோட்டம் கைமாறியது. லயத்தை இடித்துவிட்டுச் சரக்குக் கிடங்கு கட்டினார்கள். ரோனால்டின் முன்னறை இருந்த இடம் லோரிகள் நுழையும் வாசலாயிற்று. ஆக்னஸ் செமிலிங்கில் அடுக்குமாடி வீட்டுக்குப் போய், அங்கிருந்து பழைய கையுறைத் தொழிற்சாலை வேலைக்கே போய்வந்தாள். அவன் கடைசியாக என்ன சொன்னான் என்பது தெரியாமல் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கோபத்தோடு போனானா, மன்னித்துவிட்டுப் போனானா, அவளுக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டும். எட்டு வருடம் என்பதும் நாள் பிசகாத கணக்கில்லை என்பதால், கிடங்கு வாசலில் ஜாகாவாகக் காவலுக்கு நின்ற காளிதாசனைப் பிடித்துக்கொண்டாள். தினம் சாயங்காலம் வாசலில் வரும் கிதாருக்கு அங்கே எல்லாரும் பழகியிருந்தார்கள். எதுவரை வந்திருக்கிறது என்று காளிதாசன் போனில் சொல்லுவார். எட்டாம் வருடம் ஒருநாள், "அக்கா, கிறிஸ்மஸ் பாட்டு முடிஞ்சிருச்சிலா. இப்ப வேற மாதிரி வருது, ஒத்திகை மாதிரி" என்றார். ஆக்னஸ் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியோடு வந்து வாசல் நடுவில் உட்கார்ந்தாள்.

"அக்கா, லோரி வரும்."

"வரட்டும். நிக்கச் சொல்லுங்க தம்பி."

பன்னிரண்டாம் நாள், நாலு மணிக்குத் தொடங்கியது. பாட்டு இல்லை. கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் சத்தம். ஏறும், இறங்கும், சரியாக வந்ததைக் கலைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. இருபது நிமிடம் அதேதான். அப்போதுதான் ஆக்னஸுக்குப் புரிந்தது. மேடையில்கூடக் கூட்டம் தன் பக்கம் திரும்பாமல் அவன் பாட்டைத் தொடங்கியதில்லை. அவள் திரும்பட்டும் என்று காத்திருந்திருக்கிறான். அவள் திரும்பவில்லையே. அன்றைக்கு ஒரே ஒரு தடவை, பின்னால் அலமாரியில் இருந்த எண்ணெய்ப் போத்தலை எடுக்கத் திரும்பினாள், அதுவும் அவன் முகத்தைப் பார்க்காமல். அவள் அதை நினைத்துக்கொண்டிருக்கும்போதே சுருதி நின்று பாட்டு எழுந்தது. காலையில் அவளைத் தொழிற்சாலை பஸ்ஸில் ஏற்றிவிடப் போகும்போது மோட்டார் சைக்கிளில் அவன் முணுமுணுத்துக்கொண்டே போகும் மெட்டு அது. ஒருநாளும் அதை அவன் கிதாரில் தொட்டதில்லை. அவசரமே இல்லாமல், ஒரு அடிகூட விடாமல், இருபது நிமிடம் வாசித்தான்.

"எண்ணெய் எடுக்கத்தாங்க திரும்புனேன்" என்று சொல்லி ஆக்னஸ் வாய்விட்டு அழுதாள். "ஒங்களப் பாக்கத் திரும்பலைங்க."

பதினோரு லோரிகள் இன்ஜினை அணைத்துவிட்டு வரிசையில் நின்றன. காளிதாசன் வாசல் புத்தகத்தில், நாலு மணி முதல் நாலு நாற்பது வரை கிதார், வண்டிகள் நிறுத்தம் என்று எழுதினார். மறுநாள் காலை மேலாளர் அதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.