ஹஃப்சா வச்சிருந்த வேகம்

"எம் பேரு முஃபீத். வயசு இருவத்தொண்ணு. இப்ப ஷார்ஜாவுல இருக்கேன்."

மதியச் சாப்பாட்டு நேரத்துல, குடோனுக்குப் பின்னால நிழல் பார்த்து உட்காந்து போன்கிட்ட இதைச் சொல்லிட்டு, எழுத்து ஒழுங்கா விழுந்திருக்கான்னு பார்த்தான் முஃபீத். விழுந்திருந்துச்சு. பெத்த வாப்பாவுக்கு யாராவது இப்படியா ஆரம்பிப்பாங்க? ஆனா தென்காசியில வாப்பா, தங்கச்சி பேச்சை எடுப்பான்னு இவன் கூப்பிட்டா எடுக்கிறதில்ல. வாய்ஸ் அனுப்பினா கேக்கிறதில்ல. எழுத்துன்னா மட்டும், யாரு எழுதினாலும் கடைசி வரி வரைக்கும் வாசிச்சிருவாவ.

தங்கச்சி ஹஃப்சாவுக்குப் பதினாறு. பிறந்ததுல இருந்தே பார்வை இல்ல. அவ விரல் வச்ச இடத்துல இருக்கிறதை போன் வாசிச்சுச் சொல்லும். அவ வச்சிருந்த வேகத்துல கேட்டா, காய்ஞ்ச எண்ணெயில கடுகு பொரியுற மாதிரி இருக்கும். வீட்டுல ஒருத்தருக்கும் ஒரு சொல்லு பிடிபடாது. நடுக்கூடத்துல உட்காந்து அவ மட்டும் தனியா சிரிச்சுக்குவா. ஏட்டி, கடுகு என்ன சொல்லுதுன்னு இவன் கேலி பண்ணுவான்.

"ஒனக்கு வெளங்குனா நான் எதுக்கு இம்புட்டு வேகமா வைக்கேன்?"ம்பா.

லீவு முடிஞ்சு இவன் கெளம்புன அன்னைக்கு வாசல்ல கார் வந்து நிக்குது. உம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஹஃப்சா போனை எடுத்துக்கிட்டு வந்து, நீ போய் எறங்குனதும் அனுப்புறதை இந்தப் போனே எனக்கு வாசிச்சுக் காட்டுமாலேன்னு கேட்டா. இவனுக்குப் பாவமா இருந்துச்சு. ஹஃப்சா குளிச்சுக்கிட்டு இருந்தா. செட்டிங்ஸ்ல போயி வேகத்தைக் கொறச்சு, உம்மா கையில குடுத்தான். அவ வந்ததும் சொல்லிக்கிடலாம்னு பெட்டியைக் கட்டப் போயிட்டான்.

வழியனுப்ப வந்த மாமாமாரு கூடத்துல இருந்தாவ. உம்மா விரல் பட்ட இடத்துல போனு நிறுத்தி நிதானமா, நியூஸ் வாசிக்கிற மாதிரி வாசிச்சுது. ஹஃப்சாகூட கம்ப்யூட்டர் கிளாஸ் படிக்கிற, அவளை மாதிரியே பார்வை இல்லாத அபி அனுப்புனது.

"குத்தாலத்துல தண்ணி நல்லா விழுதாம். செவ்வாக்கெழம நாம நாலு பேரும் ஐந்தருவிக்குப் போவோம்ட்டி. வீட்ல கிளாஸுன்னே சொல்லிரு."

ஈரத்தலையோட வந்து நின்ன ஹஃப்சா, யாரு அனுப்புனதுன்னுகூட கேக்கல. இவன் பெட்டி உருண்ட சத்தம் வந்த பக்கம் திரும்பினா. அண்ணனை அவ காக்கான்னுதான் கூப்பிடுவா.

"காக்கா, நீயா கொறச்ச?"

வழுக்குற பாறையில பார்வையில்லாத நாலு பொட்டப்புள்ளைக, அதுக்கு மேல ஒரு பொய்யின்னு வாப்பாவுக்குப் பயம் பாதி, கோவம் பாதி. போனை வாங்கி பீரோவுல வச்சுப் பூட்டினாவ. கிளாஸும் நின்னுபோச்சு. அப்பவே இவன் வாயைத் தொறந்திருக்கலாம். பிளேனுக்கு நேரமாச்சுன்னு கார்ல ஏறிட்டான். செங்கோட்டை தாண்டுற வரைக்கும் கண்ணாடியில சாரல் அடிச்சுக்கிட்டே வந்துச்சு.

குடோன் நிழல்ல உட்காந்தபடி, பேரும் வயசும் சொன்ன முதல் வரியை அழிச்சிரலாமான்னு பார்த்தான். அழிக்கல. போனைத் திரும்ப வாய்கிட்ட கொண்டு போனான்.

"அவ அருவிக்குப் போகக்கூட இல்ல வாப்பா. போனுக்குக் கதவு மாதிரி அவ அந்த வேகத்தை வச்சிருந்தா, அதைக் கேக்காம தொறந்து போட்டது நான். இதை யாரோ எழுதுனதுன்னு நெனச்சாலும் சரி, பீரோவைத் தொறந்து அந்தப் போனை ஹஃப்சா கையில குடுங்க. வேகத்தை அவளே வச்சுக்கிடட்டும்."