கீழே ஊருக்கு, மேலே நமக்கு

கண்ணாயிரம் மேஸ்திரி அந்தக் கட்டடத்தில் இரண்டு தப்பு செய்தான். படிக்கட்டைக் கூடத்துக்குள்ளே வைத்தது ஒன்று. இருசப்பன் கும்பிட்டபோது குளிர்ந்துபோய்ப் பதிலுக்குக் கும்பிட்டது இன்னொன்று. முதல் தப்புக்குக் காரணம் சிமெண்டுப் பஞ்சம். இரண்டாவதற்கு அவனுடைய பெருமைதான் காரணம், வேறு யாரையும் சொல்லிப் பிரயோஜனமில்லை.

எழுபத்தாறாம் வருஷக் கோடையில் அடி அண்ணாமலை ஏரிக்கரையில் எட்டுக் குடிசைகள் எரிந்தன. அடுப்புப் பொறி பறந்து பிடித்தது என்று ஸ்டேஷனில் எழுதிக்கொண்டார்கள். "எட்டு ஊடும் ஒரே அடுப்புலயா சோறு ஆக்கிச்சு?" என்று மேஸ்திரியின் பெண்டாட்டி பாஞ்சாலை கேட்டாள்.

பிள்ளையில்லாத வெள்ளையம்மாள் என்கிற கிழவி, மலை சுற்றும் பாதையோரம் தனக்கிருந்த ஐந்து சென்ட் நிலத்தை எட்டுக் குடும்பத்துக்கும் சேர்த்து எழுதிக் கொடுத்தாள். மலை சுற்றுகிறவர்கள் கால் நீட்டிப் படுக்க அங்கே எப்போதும் இடம் இருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. பத்திரத்தில் கைநாட்டு வைத்தவள் அடுத்த மாசமே கண்ணை மூடிவிட்டாள்.

ஐந்து சென்ட்டில் எட்டு வீடு தனித்தனியாகக் கட்டினால் எட்டுக் கோழிக்கூடுதான் வரும். ஊருக்கு இடமே மிஞ்சாது. கண்ணாயிரம் பத்து நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பதினோராம் நாள் சிமெண்டுப் பையைக் கிழித்து அதன் மேல் கரியால் கோடு போட்டான். கீழே எட்டுத் தூண் வைத்த கூடம், மூன்று பக்கமும் திறப்பு, கதவே கிடையாது. மேலே எட்டு அறை, எல்லாம் ஒரே வராந்தாவைப் பார்த்தபடி. மாடியிலேயே பின்பக்கம் எல்லோருக்கும் ஒரே சமையல்கட்டு.

"கீழ ஊருக்கு, மேல நமக்கு" என்றான்.

ஒரே சமையல்கட்டா என்று பெண்கள் ஒரு மாசம் சண்டை போட்டார்கள். "அடுப்புத் தனித்தனியா வேணும்னா புள்ளைங்கள அடுப்பு மேலயே படுக்க வெச்சிக்கோங்க" என்று பாஞ்சாலை ஒரு அதட்டல் போட்ட பிறகுதான் அடங்கினார்கள்.

சிமெண்டு அப்போதெல்லாம் பர்மிட்டில்தான் கிடைக்கும். கேட்டதில் பாதிதான் வந்தது. வெளியே தனிப் படிக்கட்டுக்குப் போதாது. அதனால் கூடத்துக்குள்ளேயே கற்பலகைப் படி வைத்தான். பலகையின் ஒரு முனை சுவருக்குள், மறு முனை ஒரு செங்கல் கட்டின் மேல். அந்தச் செங்கல் கட்டுக்கு வெறும் சேற்று மண்தான் போட்டான். மேலே மெல்லிசாகச் சிமெண்டு பூசி மறைத்துவிட்டான். இதைப் பெண்டாட்டியிடம் கூடச் சொல்லவில்லை. அவ்வளவு வெட்கம்.

குடியேறி ஆறு மாசத்தில் ஊர்ப் பெரியதனக்காரன் இருசப்பன் வந்தான். பௌர்ணமிக்குப் பௌர்ணமி மாடியை லாட்ஜாக விடலாமே என்றான். "படுக்கறவங்க கீழ சும்மா படுக்கட்டுங்க. மேல நம்ப புள்ளைங்க தூங்குது" என்றான் கண்ணாயிரம். இருசப்பன் கோபித்துக்கொள்ளவே இல்லை. அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

மறு மாசம் தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு வந்தான்.

"மேஸ்திரி, பங்குனி உத்திரத்துக்கு நம்ம முருகன் ஊர்வலம் வரும்போது உங்க கூடத்துல எறங்கட்டுமே. உங்களவிட யாருக்கு இருக்குது அந்தக் கொடுப்பினை?" என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

குடிசை எரிந்து தெருவில் நின்றவன் கட்டிய கூடத்தில் சாமி இறங்குகிறது! கண்ணாயிரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. பதிலுக்குக் கும்பிட்டுத் தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

பங்குனி உத்திரத்தன்று காலையிலேயே கூடத்தைக் கழுவி மாவிலை கட்டினார்கள். மேலே பொதுச் சமையல்கட்டில், வருகிற சனத்துக்கெல்லாம் போட அண்டா அண்டாவாகச் சோறு கொதித்தது. உச்சி வெயிலில் மேளச் சத்தம் தூரத்தில் கேட்கிறபோது, பல்லக்குக்கு முன்னாலேயே இருசப்பன் இருபது ஆளோடு வந்து நின்றான். எல்லார் கையிலும் தடி. அவன் கையில் பெரிய பூட்டு.

"மேல இருக்கறவங்கள எறக்குங்க."

"தோ எறங்கிடறோம்ணா. சாமி தலைக்கு மேல நிப்போமா? சாமி கெளம்புனப்புறம் ஏறிக்கறோம்."

"இன்னா ஏறிக்கறது? சாமி ஒரு தடவ எறங்கிடுச்சின்னா அப்புறம் அது சாமி எடம். அதுக்கு மேல எவனும் குடித்தனம் பண்ணக் கூடாது. சட்டி பானை எல்லாத்தையும் எடுத்துகினு எறங்குங்க."

அப்போதுதான் கண்ணாயிரத்துக்கு அந்தத் தட்டு எதற்கு வந்தது என்று புரிந்தது. தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

எட்டுக் குடும்பத்தில் ஒருவனான தருமன் படியில் போய் உட்கார்ந்துகொண்டான். "எறங்க மாட்டோம்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். தடி அவன் மண்டையில் இறங்கியது. ரத்தம் மூக்கு வழியாக வழிந்தது. கண்ணாயிரம் அவனைத் தூக்கி மேலே தள்ளினான், மேலிருந்த கைகள் இழுத்துக்கொண்டன. ஐந்தாறு பேர் படியேறினார்கள். மேலேயிருந்து கொதிக்கிற கஞ்சி ஒரு அண்டா கவிழ்ந்தது. ஊருக்குச் சோறு வடித்த கஞ்சி. முதலில் ஏறியவன் முகத்தைப் பிடித்துக்கொண்டு அலறி உருண்டான், பின்னால் வந்தவனுக்குத் தோள் வெந்தது. அடுத்து ஒரு குழவிக்கல் விழுந்து ஒருத்தன் கைவிரல்களை நசுக்கியது.

"கிருஷ்ணாயிலக் கொண்டாடா!" என்று இருசப்பன் கத்தினான்.

மண்ணெண்ணெய் டின் வந்தது. மேலே கதவு, உத்தரம் எல்லாம் மரம். உள்ளே பதினாறு பிள்ளைகள், கண்ணாயிரத்தின் மகளும் அதில் ஒருத்தி. டின்னோடு ஒருத்தன் கோணியைத் தலையில் போர்த்திக்கொண்டு ஏறினான். மேலே கஞ்சி தீர்ந்துவிட்டது.

ஏரிக்கரை நெருப்பு எப்படிப் பிடித்தது என்று கண்ணாயிரத்துக்கு இப்போது யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. படிக்கட்டுக்குக் கீழே அவனுடைய சம்மட்டி கிடந்தது.

"யோவ், மேல வந்துடுய்யா!" பாஞ்சாலை வராந்தாவிலிருந்து கை நீட்டினாள்.

"உள்ள போடி! புள்ளைங்கள உள்ள தள்ளு!"

பூச்சுக்குப் பின்னால் எங்கே வெறும் மண் என்று உலகத்திலேயே அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும். அங்கேயே அடித்தான். முதல் அடியில் பூச்சு உதிர்ந்தது. இரண்டாவதில் செங்கல் நகர்ந்தது. மூன்றாவதில் மொத்தமும் சரிந்தது. கற்பலகைகள் ஒன்றன் மேல் ஒன்றாக இறங்கின. டின்காரன் நடுவில் மாட்டிக்கொண்டு இடுப்பெலும்பு நொறுங்கக் கத்தினான். கிருஷ்ணாயில் தரையில் ஓடியது. மாடிக்குப் போக இனி வழியே கிடையாது. கீழே இருபது பேருக்கு நடுவில் கண்ணாயிரம் தனியாக நின்றான்.

"கைய உட்டுடுங்க. கால ஒடைங்கடா" என்றான் இருசப்பன். "ஊட்டுக்கு எப்படி ஏறுறான்னு பாக்கறேன்."

கடப்பாரையால் அடித்தார்கள். இடது முட்டி, பிறகு வலது முட்டி. எலும்பு உடைகிற சத்தம் மாடிவரை கேட்டது. பாஞ்சாலை போட்ட கூச்சலில் மேளமே நின்றுவிட்டது.

பல்லக்கு வாசலுக்கு வந்திருந்தது. குருக்கள் ஓரடி உள்ளே வைக்கப் போனவர் காலை இழுத்துக்கொண்டார். கழுவிய தரையெல்லாம் ரத்தம்.

"இங்க சாமி எறங்காது" என்றார்.

"கழுவிடலாங்க சாமி. ரெண்டு கொடம் தண்ணி."

"ரத்தம் பட்ட எடம் தண்ணியில போகாது, இருசப்பா. புண்ணியாகம் பண்ணணும், அதுக்கு நாள் பாக்கணும். தூக்குங்கோடா."

பல்லக்கு நகர்ந்தது. இருசப்பன் பல்லைக் கடித்தான். "அடுத்த வருசம் எறங்கும்டி" என்று மேலே பார்த்துச் சொன்னான்.

பெண்கள் சேலைகளை முடிச்சுப் போட்டு பாஞ்சாலையைக் கீழே இறக்கினார்கள். அவள் புருஷன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "வரட்டும். வருசா வருசம் அன்னிக்கு இங்க ரத்தம் உழும். எங்களுது போதும், உங்களுது வேணாம்" என்றாள்.

படிக்கட்டு சரிந்து விபத்து என்று ஸ்டேஷனில் எழுதிக்கொண்டார்கள்.

இப்போது படிக்கட்டு வெளியே பின்பக்கம் இருக்கிறது, முழுக்கச் சிமெண்டு. கட்டிலில் படுத்தபடியே கண்ணாயிரம் அளவு சொன்னான், தருமனும் பாஞ்சாலையும் கட்டினார்கள். மறு வருஷம் பங்குனி உத்திரத்தன்று மேளச் சத்தம் கேட்டதும் பாஞ்சாலை அருவாமனையோடு கூடத்துக்கு இறங்கி வந்தாள்.

"குடு. எங் கையே இருக்கட்டும்" என்றான் கூடத்தில் கிடந்த கண்ணாயிரம். வாசல்வரை நகர்ந்துபோய், உள்ளங்கையைக் குறுக்கே கீறிக்கொண்டு ரத்தத்தைத் தரையில் பிழிந்தான். குருக்கள் தெருவிலிருந்தே பார்த்தார். நிற்காமல் போகச் சொல்லிப் பல்லக்குத் தூக்கிகளுக்குக் கையை முன்னால் காட்டினார்.

அன்று சாயங்காலம் மலை சுற்ற வந்த ஒரு ஆள், கூடத்தில் துண்டை விரித்தபடி பக்கத்துப் பாயில் கையில் துணி சுற்றிப் படுத்திருந்தவனிடம் பேச்சுக் கொடுத்தான்.

"இங்க யார் வேணா படுக்கலாங்களா?"

"படுங்க. ஊருக்காவ கட்டுனதுதான்."

"நீங்களும் மலை சுத்த வந்தவரா? எந்த ஊரு?"

மாடியில் அவன் மகள் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஓடுகிற சத்தம் கேட்டது. கண்ணாயிரம் அது நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தான்.

"மேலதாங்க ஊடு" என்றான். "ஏறத்தான் முடியல."